சென்னை வானத்தில் விமானங்களை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வளர்ந்தது ஆலந்தூரில். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு மேலே விமானத்தின் வயிறு தெரியும் வீடு. அன்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கியவன், இன்னும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெருப் பிள்ளைகள் "மாமா, இது எந்த பிளேன்?" என்று கேட்பார்கள். அலுவலக நண்பர்கள் படம் அனுப்பிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சென்னையில் பகலில் ஏறி இறங்கும் விமானங்களில் மிகப் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் அடங்கிவிடும்: ஏர்பஸ் ஏ320 குடும்பம், போயிங் 737 குடும்பம், வெளியே சுழலும் விசிறி வைத்த ஏடிஆர் 72. இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் நான்காவதாக ஒன்று வரும்போது "இது வேறு" என்று தானாகவே தெரிந்துவிடும். அபூர்வமானதைப் பிடிக்க வேண்டுமென்றால் தினசரி வருவதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

பார்க்கும் வரிசை இது. முதலில் எஞ்சின்: எத்தனை, எங்கே இருக்கின்றன. அடுத்து இறக்கை உடலுக்கு மேலேயா, கீழேயா. பிறகு வால், மூக்கு, சக்கரம், இறக்கை நுனி. வண்ணத்தைக் கடைசியில் பாருங்கள். ஏன் கடைசியில் என்று கீழே சொல்கிறேன்.

ஏ320, 737 இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதை மட்டும் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தலைக்கு மேலே போகும்போது வயிற்றைப் பாருங்கள். 737-இன் பிரதான சக்கரங்களுக்கு முழுமையான மூடி கிடையாது. மடங்கி உள்ளே போன பிறகும் இரண்டு கறுப்பு வட்டங்கள் வயிற்றில் அப்படியே தெரியும். ஏ320-இல் கதவு மூடிக்கொள்ளும். வயிறு மழுமழுவென்று இருக்கும். புறப்பட்டு ஏறும் விமானத்தில் இதைவிட உறுதியான அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

பக்கவாட்டில் பார்த்தால் வால். 737-இன் நிமிர்ந்த வால், உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கம் ஒரு சரிவான முக்கோணத் துண்டோடு தொடங்கும். கோடு ஒரு இடத்தில் முறிந்து பிறகு மேலே ஏறும். ஏ320-இன் வால் முறிவு இல்லாமல் நேராக ஏறும்.

மூக்கு. 737-க்குக் கூர்மையான மூக்கு, ஏ320-க்கு உருண்டையான மூக்கு. விமானியின் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் கடைசியாக உள்ளதைக் கவனியுங்கள். ஏ320-இல் அதன் மேல் பின் மூலை வெட்டி எடுத்தது போல இருக்கும். 737-இல் பக்கக் கண்ணாடிகளின் கீழ்விளிம்பு ஆங்கில 'வி' எழுத்துப் போல இறங்கி ஏறும்.

எஞ்சின். 737 முதன்முதலில் பறந்தது 1967-இல். அக்காலத்து எஞ்சின்கள் ஒல்லியானவை. விமானமும் தரைக்கு மிக நெருக்கமாகக் கட்டப்பட்டது. பின்னால் 1980-களில் பருமனான எஞ்சினைப் பொருத்தியபோது கீழே இடம் போதவில்லை. அடியில் இருக்க வேண்டிய சில கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உறையின் அடிப்பகுதியைத் தட்டையாக்கினார்கள். அதனால் 737-800-ஐ முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் வாய் வட்டமாக இல்லாமல் கீழே அமுங்கியிருக்கும். ஏ320 பறந்தது 1987-இல். உயரமான கால்களோடு பிறந்ததால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை. எஞ்சின் வாய் நல்ல வட்டம்.

ஏ319, ஏ320, ஏ321: இவற்றில் எது எது?

மூன்றும் ஒரே உடல்; நீளம்தான் வேறு. ஏ319 சுமார் 34 மீட்டர், ஏ320 சுமார் 37.5, ஏ321 சுமார் 44.5. தனியாக நிற்கும்போது நீளத்தைக் கண்ணால் அளப்பது கஷ்டம். கதவுகளை எண்ணுங்கள். ஏ320-இல் இறக்கைக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிறிய அவசர வழிகள் அடுத்தடுத்து இருக்கும். ஏ319-இல் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய ஏ321-இல் இறக்கைக்கு மேலே எதுவும் இருக்காது. அதற்குப் பதில் இறக்கைக்கு முன்னும் பின்னும் முழுக் கதவுகள். புதிய வகை எஞ்சினோடு வரும் ஏ321நியோக்களில் இந்த ஏற்பாடு மாறிவிட்டது, இறக்கைக்கு மேலேயும் சிறு வழிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு நீளத்தைத்தான் நம்ப வேண்டும். ஒல்லிக்குச்சியாக, இறக்கைக்கு முன்னால் உடல் ரொம்ப நீண்டுகொண்டே போகிறது என்று தோன்றினால் அது ஏ321.

நியோ என்கிறார்களே, அது எப்படித் தெரியும்?

நிமிர்ந்த இறக்கை நுனி இருந்தால் நியோ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஷார்க்லெட் எனப்படும் அந்த 2.4 மீட்டர் உயர நுனி, பழைய வகையின் கடைசிக் கால விமானங்களிலும் உண்டு. மேலும் கீழும் நீட்டிய சிறு அம்புமுனை போன்ற நுனி இருந்தால் அது பழையது என்று உறுதியாகச் சொல்லலாம். ஷார்க்லெட் இருந்தால் எஞ்சினையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பழைய எஞ்சினின் விசிறி விட்டம் ஏறக்குறைய 1.7 மீட்டர்; நியோவில் இரண்டு மீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. பானை போலப் பெருத்து இறக்கையை ஒட்டித் தெரியும். இந்தியாவுக்கு முதல் ஏ320நியோ 2016 மார்ச்சில் இண்டிகோவுக்கு வந்தது; இன்று சென்னையில் நீங்கள் பார்க்கும் ஏ320-களில் பெரும்பங்கு இதுதான்.

737-இன் புதிய வகையான 737 மேக்ஸுக்கு இது இன்னும் சுலபம். இறக்கை நுனி இரண்டாகப் பிளந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். எஞ்சின் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். பழைய 737-800-களிலும் சிலவற்றுக்குப் பிளந்த நுனி பொருத்தியிருக்கிறார்கள். ரம்பப் பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வண்ணத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே?

முன்பு ஓரளவு முடிந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்றால் 737 என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் உண்டு. ஏர் ஏஷியா இந்தியாவாக இருந்த நிறுவனம் 2024 அக்டோபரில் அதோடு இணைந்தது. அங்கிருந்த ஏ320-களும் கூடவே வந்தன. அடுத்த மாதமே விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஒரு விமானத்துக்கு மறுவண்ணம் பூச அதைச் சில நாட்கள் பணியிலிருந்து விலக்க வேண்டும். அதனால் விஸ்தாராவின் கத்தரிப்பூ நிற விமானங்கள் ஏர் இந்தியா பெயரில் பறந்தன. வண்ணத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். வண்ணம் சட்டை மாதிரி, கழற்றி மாற்றலாம். மூக்கையும் வாலையும் மாற்ற முடியாது. ஆகாசா ஏர் போல 737 மேக்ஸ் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வண்ணமே போதும் என்பது உண்மைதான், ஆனாலும் சக்கரத்தைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

விசிறி வைத்த விமானம் எல்லாமே ஏடிஆர் தானா?

பெரும்பாலும் ஆம். ஏடிஆர் 72-க்கு இறக்கை உடலுக்கு மேலே, வால் ஆங்கில 'டி' வடிவம், 27 மீட்டர் நீளம். சக்கரங்கள் வயிற்றின் இரு பக்கப் புடைப்புகளில் மடங்கும். கியூ400 என்ற விமானத்துக்கும் இதே போன்ற இறக்கையும் வாலும் உண்டு. ஆனால் அது 33 மீட்டர், பென்சில் போல ஒல்லி. அதன் பிரதான சக்கரங்கள் எஞ்சினிலிருந்தே தொங்கும். நெட்டையான கால் எஞ்சினுக்குக் கீழே தெரிந்தால் கியூ400. இன்னொன்று: ஏடிஆரில் பயணிகள் பின்பக்கக் கதவில் ஏறுவார்கள், முன்பக்கம் சாமான் அறை.

இந்தச் சிறிய விமானத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் போவது இது. 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் பறந்ததும் ஏடிஆரில்தான். இடையில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இண்டிகோவும் 2024 செப்டம்பரில் அதே தடத்தில் ஏடிஆரை இறக்கியது. பல்லாண்டுப் போருக்குப் பிறகு சொந்த ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற விமானம் என்பதால், அது ஏறித் தெற்கே திரும்பும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பேன்.

பெரிய விமானங்கள் எப்போது வரும், எப்படிப் பிரிப்பது?

இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களை இங்கே அதிகமாகப் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவை ஒட்டியும் விடியற்காலையிலும் விழித்திருக்க வேண்டும். பகலிலும் சில வரும். துபாயிலிருந்து எமிரேட்ஸ் கொண்டுவரும் 777-300ஈஆர் அவற்றில் முக்கியமானது.

777: 74 மீட்டர் நீளம். ஒவ்வொரு பக்கமும் ஆறு சக்கரங்கள், மூன்று ஜோடியாக. வால் முனை பக்கவாட்டில் கத்தி போல மெலிந்து முடியும். அந்த எஞ்சின் ஒன்றின் விசிறி விட்டம் மட்டும் 3.25 மீட்டர், நம் 737-இன் உடலே 3.76 மீட்டர்தான். எஞ்சினுக்குள் ஆட்டோவை நிறுத்தலாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், மிகையே இல்லை.

787: பறக்கும்போது இறக்கை வில்லாக மேலே வளையும். கலப்புப் பொருளால் ஆன இறக்கை என்பதால் அந்த வளைவு. முன்னால் நான்கே கண்ணாடிகள், வழவழப்பான மூக்கு, எஞ்சின் பின்விளிம்பில் ரம்பப் பல். லண்டனிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் அடிக்கடி கொண்டுவந்தது இதைத்தான்.

ஏ350: விமானியின் கண்ணாடிகளைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, கறுப்புக் கண்ணாடி மாட்டிய முகம். இறக்கை நுனி அரிவாள் போல மேலே சுருளும். ஆனால் ஏ330நியோவுக்கும் இதே கறுப்புப் பட்டையும் ஏறக்குறைய இதே நுனியும் உண்டு. பட்டையைப் பார்த்தவுடன் ஏ350 என்று சொல்லிவிடாதீர்கள். மூக்கு ஏ320 போல உருண்டு இருந்தால் ஏ330நியோ.

ஏ330: ஏ320-ஐ அப்படியே பெரிதாக்கியது போல. தூரத்தில் தனியாக வந்தால் ஏமாற்றிவிடும். சக்கரம் ஒவ்வொரு பக்கமும் நான்கு என்பதுதான் உடனே கைகொடுக்கும் அடையாளம். கொழும்பு விமானம் பெரும்பாலும் ஏ320 அல்லது ஏ321. எப்போதாவது ஏ330 வரும்.

எங்கே நின்று பார்க்கலாம்? ஒரு நாள் தலைக்கு மேலே வருகிறது, மறுநாள் ஒன்றையும் காணோமே?

காற்றுதான் காரணம். விமானம் எதிர்காற்றில் இறங்கும், எதிர்காற்றில் ஏறும். சென்னையின் பெரிய ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07 என்றும் மறுமுனைக்கு 25 என்றும் பெயர். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை: 70, 250. அதாவது ஏறக்குறைய கிழக்கு, மேற்கு.

அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அந்த மாதங்களில் விமானங்கள் கடலிலிருந்து உள்ளே வரும். சாந்தோம் பக்கம் கரையைக் கடந்து, கோட்டூர்புரம், கிண்டி, ஆலந்தூர் வழியாக இறங்கும். சாந்தோமில் சுமார் 1,500 அடி உயரத்தில் இருப்பது கிண்டியில் சில நூறு அடிக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ்: திருநீர்மலை, அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கமிருந்து இறங்கி, எங்கள் ஆலந்தூர் பக்கம் ஏறும். கோடையில் ஒரே நாளில்கூட மாறும். காலையில் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை திரும்பிவிடும்.

இடம் என்றால் என் முதல் தேர்வு பரங்கிமலை உச்சி. ஓடுபாதை முழுவதும் கண்ணுக்கு முன்னே கிடக்கும். இறங்கும் விமானத்தைக் கிட்டத்தட்ட நேர்மட்டத்தில் பார்க்கலாம். விமானத்தின் முதுகைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. வாடைக்காலத்துக்குத் திருநீர்மலை. ஒரு முனையில் தோமையார் கோயில் மலை, மறுமுனையில் ரங்கநாதர் மலை என்று இரண்டு குன்றுகள் அமைந்தது சென்னையின் பாக்கியம். இரண்டும் வழிபாட்டுத் தலங்கள், சத்தம் போடாமல் பாருங்கள். மலை ஏற முடியாதவர்கள் மெட்ரோவில் நங்கநல்லூர் சாலையிலிருந்து விமான நிலையம் வரை போய் வரலாம். உயரப் பாதை என்பதால் நிறுத்தியிருக்கும் விமானங்கள் தெரியும்.

இன்னொரு சிறிய ஓடுபாதை உண்டு, 12/30. அடையாற்றின் மேலே பாலம் கட்டி அதை நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே மூடப்பட்டபோது அந்த ஆறு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று ஊருக்கே தெரிந்தது.

இருட்டில் என்ன செய்வது?

சிமிட்டும் வெள்ளை விளக்கை எண்ணுங்கள். ஏர்பஸ் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு முறை சிமிட்டும், போயிங் ஒரு முறை. இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. அதை வைத்து உங்களை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லலாம்.

செயலியில் பெயரே வந்துவிடுகிறதே?

நானும் ஃபிளைட்ராடார்24 வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் கண்ணால் பார்த்து ஒரு முடிவு சொல்லிவிட்டுப் பிறகுதான் திறப்பேன். அப்படிச் செய்தால் ஒரே மாதத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். பதிவு எண்ணையும் படிக்கப் பழகுங்கள்: விடி என்று தொடங்கினால் இந்தியா, 4ஆர் இலங்கை, 9வி சிங்கப்பூர், ஏ6 ஐக்கிய அரபு அமீரகம், 9எம் மலேசியா.

சென்னையில் அபூர்வம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பலரும் கவனிக்காத ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: போயிங் 757. மொத்தம் 1,050 கட்டி, 2004-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். உலகத்தின் பல ஊர்களில் இதைப் பார்க்க ஆர்வலர்கள் ஏங்குகிறார்கள். புளூ டார்ட்டின் விமானப் பிரிவுக்குத் தலைமையிடம் சென்னை. அவர்களுடைய 757 சரக்கு விமானங்கள் இரவில் கூரியர் மூட்டைகளோடு வந்து போகின்றன. நெட்டையான கால்கள், நீண்டு மெலிந்த உடல், கீழ்நோக்கிச் சரிந்த மூக்கு, ஒவ்வொரு பக்கமும் நான்கு சக்கரம். கொக்கு நிற்பது போல நிற்கும்.

2022 ஜூலையில் ஏர்பஸ் பெலுகா என்ற ராட்சதச் சரக்கு விமானம் எரிபொருள் நிரப்ப இங்கே இறங்கியது. திமிங்கலத் தலை வைத்த அந்த விமானங்கள் அந்த வகையில் ஐந்துதான் கட்டப்பட்டன. மீனம்பாக்கம் பக்கம் வேலை பார்த்தவர்கள் அன்று ஜன்னலை விட்டு நகரவில்லை.

சாம்பல் நிறத்தில், ஜன்னல் இல்லாத 737 ஒன்று வடமேற்கே போனால் அது பயணிகள் விமானம் அல்ல. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்துக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம் அது. இறக்கை நுனி நிமிராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதைப் பாருங்கள், படம் எடுக்க வேண்டாம்.

ஏ380 சென்னைக்கு வருமா?

நான்கு எஞ்சின் கொண்ட அந்த இரண்டு மாடி விமானம் வழக்கமான சேவையாக வருவதில்லை. எமிரேட்ஸ் அதை மும்பைக்கும், 2022 அக்டோபர் முதல் பெங்களூருக்கும் கொண்டுவருகிறது. ஆனால் துபாயிலிருந்து ஆஸ்திரேலியா போகும் ஏ380-கள் தென்னிந்தியாவுக்கு மேலேதான் கடக்கின்றன. தெளிந்த வானத்தில் வெண்புகைக் கோடு நான்காகத் தொடங்குகிறதா என்று பைனாகுலரில் பாருங்கள்.

தரையில் நிற்கும்போது காலுக்கடியில் நாய் குரைப்பது போலச் சத்தம் கேட்டது. பழுதா?

இல்லை. நீங்கள் ஏ320 குடும்பத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். திரவ அழுத்தத்தால் இயங்கும் அதன் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளில் இரண்டுக்கு இடையே, ஒன்றில் அழுத்தம் குறைந்தால் மற்றொன்றிலிருந்து சக்தியைக் கடத்த ஒரு கருவி இருக்கிறது. ஒரே எஞ்சின் ஓடும் நேரங்களில் அது விட்டு விட்டு இயங்கும். மரம் அறுப்பது போலவும் குரைப்பது போலவும் கேட்கும்.

படம் எடுக்கலாமா?

விமான நிலைய வளாகத்துக்குள் பாதுகாப்புப் படையினர் சொல்வதே முடிவு. மறுத்தால் வாதாடாமல் வைத்துவிடுங்கள். பரங்கிமலையை ஒட்டி ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையம் இருக்கிறது, கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு டிரோன் தடை. லேசர் விளக்கை விமானத்தின் மேல் அடிப்பது குற்றம், விமானியின் கண்ணைக் கூசவைத்து நூற்றுக்கணக்கான உயிர்களைப் பணயம் வைக்கும் செயல்.

அப்பா "ஆவ்ரோ, ஃபோக்கர், கேரவல்" என்று பழைய கதை சொல்கிறார். அவை எப்படி இருந்தன?

கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தவை. ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப்புக்கு இறக்கை மேலே, ஆவ்ரோவுக்குக் கீழே, இரண்டுக்கும் விசிறி. ஆவ்ரோவை எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் கான்பூரில் கட்டியது. கேரவல் ஜெட்: எஞ்சின்கள் வாலுக்குப் பக்கத்தில், ஜன்னல்கள் முனை மழுங்கிய முக்கோணம்.

அப்பாவிடம் 1989-க்குப் பிந்தைய படம் ஏதாவது, மீனம்பாக்கத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது, இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஆண்டு இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கத் தொடங்கிய ஏ320-களுக்கு, நம் நாட்டின் பலமில்லாத ஓடுபாதைகளில் எடையைப் பரப்புவதற்காக, ஒவ்வொரு பிரதான காலிலும் இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரங்கள் வைத்துக் கொடுத்தது ஏர்பஸ். வேறு எந்த நிறுவனமும் அப்படிக் கேட்டு வாங்கவில்லை. படத்தில் சக்கரம் தெரிந்தால் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.